மச்சம் இருந்த பக்கம்

…மயில் வேண்டாம், தாமரை வேண்டாம், பசுவும் கன்றும் எல்லார் மூட்டை லேபிளிலும் இருக்கிறது என்று பட நோட்டில் ஒவ்வொரு தாளாகத் தள்ளிக்கொண்டே வந்த ஜவ்வரிசி ஆலைக்காரர் மாதையன், அந்தத் தாளில் மட்டும் விரலை ஊன்றி, "இந்தப் புள்ளையப் போடுங்க சாமி, கஞ்சி குடிச்சுப்போட்டுச் சிரிக்கிறாப்பல இருக்குது" என்றபோது, அது என் மகள், போன ஆடியில் காய்ச்சலில் போய்விட்டாள் என்று ஏன் சொல்லவில்லை? நேற்றே சொல்லியிருந்தால் அந்த மனிதர் விரலை எடுத்திருப்பார், லேபிளுக்குப் படம் வரையும் அருணகிரியும் இந்தச் சேலத்துக் கல்லச்சகத்தில், உதவியாள் சின்னான் மணல் போட்டுத் தேய்த்து வைத்த வெற்று அச்சுக்கல்லின் முன் இப்படி உட்கார்ந்திருக்க வேண்டாம்... நோட்டு வலப்பக்கம், முகம் பார்க்கும் கண்ணாடி இடப்பக்கம், மை நடுவில், எல்லாம் வைக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கின்றன. உச்சிப்பொழுதுக்கு மாதையன் வந்துவிடுவார். "ஏனுங்க, கல்லு மேல அடைகாக்கறீங்களா? குஞ்சு பொரிச்சா எனக்கொண்ணு குடுங்க" என்கிறான் சின்னான். சிரிக்க வேண்டும்... சிரித்தாயிற்று.

நோட்டின் மேல் குற்றமில்லை, அது வேலைக்கான நோட்டு, கண்ணில் படுவதையெல்லாம் வரைந்து வைப்பது, தேவைப்படும்போது எடுத்து வேறொன்றாக்குவது, அவ்வளவுதான். பாகற்கொடியின் சுருள் மூக்குப்பொடி லேபிளுக்கு ஓரமாயிற்று, சந்தையில் பார்த்த மேச்சேரி ஆட்டின் காது ஒரு தீப்பெட்டியில் இலையாயிற்று. ஆட்டுக்கும் கொடிக்கும் நடுவே மகள் சாலா. "பொஸ்தகத்தையே பாக்கறீங்க, என்னையப் பாருங்கப்பா" என்று தாளின் மேல் கையை விரிப்பாள், அந்தக் கையையும் விடவில்லை, சுற்றி ஒரு கோடு இழுத்துக்கொண்டான், அது பிறகு சோப்பு உறையில் ஐந்து இதழ்ப் பூவாயிற்று, எத்தனை வீடுகளில் அதைக் கிழித்துக் குப்பையில் போட்டார்களோ. இப்போது முகம். அச்சு முடிந்ததும் சின்னான் அடுத்த வேலைக்காக அதே கல்லைத் தேய்த்துவிடுவான், அதுதானே வழக்கம்.

நெற்றி வந்தது, புருவம் வந்தது, கல்லில் இடம் வலமாகப் போட்டால்தான் காகிதத்தில் சரியாக விழும், அதில் கைக்குச் சந்தேகமே கிடையாது. மச்சத்துக்கு வந்ததும் நின்றது. வாயோரத்தில், கன்னம் தொடங்கும் இடத்தில், கடுகளவு. இந்தத் தாளில் இடக்கன்னத்தில் இருக்கிறது, சரி, புரட்டினால் அடுத்ததில் வலக்கன்னத்தில்! பழக்கத்துக்காக நோட்டிலேயே சில படங்களைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பவன், எது நேர், எது திருப்பியது என்று குறித்ததேயில்லை. கிளி எந்தப் பக்கம் பார்த்தால் யாருக்கென்ன? கண்ணாடியில் காட்டினான், மச்சம் அந்தப் பக்கம் போயிற்று, அவளும் சாலாதான், அவளும் சிரித்தாள். நினைவில் பார்த்துக்கொள்ளலாம் என்றால்... வந்தது இந்த இரண்டு படங்கள்தான், படமில்லாத சாலா ஒருத்தி எங்கே? ஒழுங்காக யோசிக்க வேண்டும். காய்ச்சலில் வலத்தோளில் சாய்ந்திருந்தாள், முகம் என் கழுத்துப் பக்கம், அப்படியானால் வெளியே தெரிந்தது அவளுடைய வலக்கன்னம், அதில் மச்சம் இருந்ததா? பார்த்தது வியர்வையைத்தான். குஞ்சம்மாளைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள், பெற்றவள், எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியவள், ஆனால் இப்படி ஒரு கேள்வியை என் வாயிலிருந்து கேட்ட பிறகு அவள் என்ன ஆவாள்? ஏதோ ஒரு கன்னத்தில் மச்சத்தை வைத்துவிட்டான். வைத்த கை கூசியது.

மாதையன் வந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கல்லின் மேல் குனிந்தார். "அடடா, உசுரோட இருக்குதுங்க. ஏனுங்க, இதென்ன, மை தெறிச்சிருச்சா?"

"மச்சங்க."

"எடுத்துப்போடுங்க சாமி. லேபிள்ல ஈ குந்துனாட்டம் தெரியும். ஜவ்வரிசி சுத்தமில்லீன்னுருவாங்க."

"சரிங்க." எவ்வளவு சீக்கிரம் சொல்லிவிட்டோம்! சின்னான் சுரண்டுகத்தியை நீட்டுமுன்பே கை நீண்டிருந்தது, கடுகளவுதானே, இரண்டு இழுப்பில் போய்விட்டது, கன்னம் இரண்டும் ஒன்றுபோல் ஆகிவிட்டன, நெஞ்சில் இருந்த பாரம் சட்டென்று இறங்கியதே, அது எதற்காக இறங்கியது? மாதையன் மூட்டைக் கணக்கைச் சொல்லிக்கொண்டே போனார், தலையாட்டினான். நாளைக்கு இந்த முகம் கடைகளில் தொங்கும், குஞ்சம்மாள் உப்போ புளியோ வாங்கப் போவாள், நிமிர்ந்து பார்ப்பாள். தெரிந்துகொண்டால் ஓடி வந்து மச்சம் எங்கே என்று அழுவாள், எந்தப் பக்கம் என்று அப்போதாவது கேட்டுவிடலாம்... ஆனால், யாரோ ஒரு புள்ளை என்று அவளும் பார்த்துவிட்டு, புளியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டால்?