அலமாரியின் உயரம்

செத்துப்போனவர்கள் போட்ட கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பதுதான் அவருடைய வேலை. இரண்டு பழைய கையெழுத்துப் படிகளில் ஒரே இடத்தில் ஒரே தப்பு இருந்தால், ஒன்றைப் பார்த்துத்தான் மற்றதை எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இப்படித் தப்புகளைப் பிடித்தே கணித வரலாற்றில் பெயர் வாங்கி, பிழைக்கப் போன நாட்டில் பேராசிரியராகவும் ஆகிவிட்டார். "உயிரோட இருக்கறவங்களுக்கு ஒரு கணக்கும் போட மாட்டியாடா?" என்று அக்கா கேலி செய்வாள்.

ஓய்வு பெற்றதும் ஊருக்கே வந்துவிடுவதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அதை நம்பி அவளும் மாடியில் ஓர் அறை எழுப்பிவிட்டாள். ஓய்வு பெற்ற மறுவாரமே அந்த நாட்டு நூலகத்தார் கூப்பிட்டு, இத்தனை காலம் கண்ணில் காட்டாத ஒரு சுவடிக்கட்டை எடுத்து வைத்தார்கள். வெளியே கொண்டுபோகக் கூடாது, இங்கேயே உட்கார்ந்து பதிப்பிக்க வேண்டும், முடிக்கப் பல வருஷம் ஆகும். மிட்டாயைக் கண்ட குழந்தை மாதிரித் தலையாட்டிவிட்டார். வீட்டுக்கு வந்த பிறகுதான் அக்காவுக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. அக்கா சமைத்துப் போட, அந்த மாடியில் கால் நீட்டிப் படிக்க எவ்வளவு ஏங்கியிருந்தார்!

அன்றே அவள் போனில் வந்தாள்.

"ஆசாரி வந்து நிக்கிறாருடா. புஸ்தக அலமாரி எவ்வளவு உயரம் வேணும்?"

"அதுக்கென்னக்கா அவசரம்? உன் மூட்டுவலி எப்படி இருக்கு? மழை உண்டா அங்க?"

பதில் சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "டேய், நீ வரலையா?"

மணிக்கணக்காக வகுப்பெடுத்த மனிதர் மென்று முழுங்கினார். "ஒரு வேலை வந்திருக்குக்கா. இதுக்காகத்தான் இத்தனை வருஷம் காத்துக்கிட்டிருந்தேன்."

"நானுந்தான்டா," என்றாள் அக்கா.

அந்தப் பக்கம் ஆசாரி தொண்டையைச் செருமுவது கேட்டது.

"சரி, உயரத்தச் சொல்லு."

"எதுக்குக்கா இனிமே?"

"அதுக்காக அந்தச் சுவர மொட்டையா பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றியா? சொல்லுடா."

அவர் எழுந்து சுவரோரம் நின்று கையை உயர்த்தினார். விரல் எட்டிய இடத்தை டேப் வைத்து அளந்தார். கண்ணீர் மறைத்ததால் இரண்டு தடவை பார்க்க வேண்டியிருந்தது.

"ஏழடிக்கா."

"அவ்வளவு வேணாம். நீ வர்றதுக்குள்ள முதுகு கூனிப் போயிடும், கை எட்டாது," என்றவள், அந்தப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "ஆறடி போதும் ஆசாரி."