வரம்புக்குக் கொஞ்சம் மேலே

இலவச சட்ட உதவி அலுவலகத்தில் மூன்றாம் ஜன்னல் என்னுடையது. காசில்லாதவர்களுக்கு அரசு செலவில் வக்கீல் வைத்துக் கொடுப்போம். யாருக்குக் காசில்லை என்று பார்த்துச் சொல்வது என் வேலை. "ஊர்ப் பணம்யா, பாத்துக் குடு" என்பது மேலாளர் தினமும் பாடும் பாட்டு. கறாரான ஆள் என்று பேரெடுத்ததில் எனக்கும் ஓர் அற்ப சந்தோஷம்.

தையல்காரம்மா ஒரு திங்கட்கிழமை வந்தாள். பிரிந்துபோன கணவன், ஆறு வயது மகளைத் தன்னிடம் ஒப்படைக்கச் சொல்லி வழக்குப் போட்டிருந்தான். அவனுக்குப் பெரிய வக்கீல். இவள் சட்டைக் கம்பெனியில் தைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் திரைச்சீலைக் கடையிலும் வேலை. சம்பளச் சீட்டுகளைக் கூட்டினேன். இலவச வக்கீலுக்கான வருமான வரம்பைத் தாண்டியிருந்தது.

"கொஞ்சம்தானே அண்ணே?"

"கொஞ்சமோ நெறையவோ, தாண்டினா தாண்டினதுதாம்மா."

அவள் நகரவில்லை. பார்க்கப் பாவமாக இருந்தது. என் வாய் சும்மா இருக்குமா?

"அந்த ஞாயித்துக்கெழம வேலைய விட்டுடுங்க. கடைசி மூணு மாசச் சீட்டுதான் கணக்கு. மூணு மாசம் கழிச்சு வாங்க, போட்டுத் தரேன்."

விட்டாள், வந்தாள். 'போதிய வருமானம் இல்லாதவர்' என்ற சான்றிதழில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினேன். பெரிய புண்ணியம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

இரண்டே மாதத்தில் அதன் நகலோடு திரும்பி வந்தாள். கணவனின் வக்கீல் அதை நீதிபதியிடம் நீட்டியிருக்கிறார். போதிய வருமானம் இல்லையென்று அரசாங்கமே சொல்கிறதே, இவள் எப்படிப் பிள்ளையை வளர்ப்பாள் என்று கேட்டாராம்.

"நீங்க சொல்லித்தானே அண்ணே விட்டேன்?"

குரலில் கோபமே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. மேலாளரிடம் ஓடினேன்.

"சான்றிதழ் சரிதானேய்யா? நமக்கெதுக்கு வம்பு? நீ அந்தம்மாவ வேலைய விடச் சொன்னத வெளிய சொல்லிடாத, உன் வேலை போயிடும்."

சான்றிதழ் சரிதான். அதுதான் கொடுமை.

லீவு போட்டுவிட்டு நீதிமன்றம் போனேன். அவளுடைய வக்கீல் சாட்சியாகக் கூப்பிட, கூண்டில் ஏறினேன்.

"இது உங்க கையெழுத்துதானே?" என்றார் கணவனின் வக்கீல்.

"ஆமாங்க. நல்லா சம்பாதிச்சுக்கிட்டிருந்தவங்கள வேலைய விடச் சொன்னதும் நான்தாங்க."

மகள் அம்மாவிடமே இருக்கட்டும் என்று தீர்ப்பு வந்தது. அதே வாரம் என்னைப் பணியிடை நீக்கம் செய்து கடிதமும் வந்தது. எதிர்த்து வழக்குப் போட வக்கீல் வேண்டுமே! மூன்றாம் ஜன்னல் வரிசையில் போய் நின்றேன். என் இடத்தில் இருந்த புது அம்மா பணியிடை நீக்கத்தில் எனக்குக் கிடைக்கும் அரைச் சம்பளத்தின் சீட்டை இரண்டு தடவை பார்த்தார்.

"வரம்பத் தாண்டுதே சார்."

"கொஞ்சம்தானேம்மா?" என்றேன்.