நூற்று ஐம்பத்தேழில் இரண்டு பேர்

மல்யுத்த வீரர்களில் இரண்டே வகை உண்டு: விலைக்கு வாங்கப்படுகிறவர்கள், மண்ணில் ஊன்றி வளர்க்கப்படுகிறவர்கள். அயோவாவின் ஹேன்லி கல்லூரி என்றைக்கும் வளர்க்கிற கட்சி. பயிற்சிக்கூடத்தின் வடக்குச் சுவரில் 'நாங்கள் வாங்குவதில்லை, வளர்க்கிறோம்' என்று ஓர் அடி உயர எழுத்தில் எழுதியிருந்தது. அதை எழுதச் சொன்னவர் தலைமைப் பயிற்சியாளர் ராட் ஹேவர்காம்ப். அவரையே ஒக்லஹோமாவில் இருந்த வேறொரு கல்லூரியிலிருந்து இரண்டு மடங்கு சம்பளம் பேசித்தான் இழுத்து வந்திருந்தார்கள்.

அந்தச் சுவரை உண்மையென்று நம்பிய ஒரே ஆள் துணைப் பயிற்சியாளர் டுவேன் கொப்கே. நம்பித்தான் ஆகவேண்டும், அவன் பிழைப்பு அது. உயர்நிலைப் பள்ளிப் போட்டிகளுக்குக் காரை ஓட்டிக்கொண்டு போவான். நல்ல பையனாக ஒருவன் கண்ணில் பட்டால், அவன் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து, வைத்ததைத் தின்றுவிட்டு, பெற்றவர்களிடம் வாக்குக் கொடுப்பான். இருபத்திரண்டு வருஷத்தில் நிறையத் தின்றிருந்தான்.

ஐந்து வருஷத்துக்கு முன் ஜோலீன் விசர் வீட்டில் அப்படித்தான் சாப்பிட்டான். பன்றிப் பண்ணை வைத்திருக்கும் விதவை, ஒரே பையன் எமெட். "உங்க பையன் எங்க அரங்கத்துல, உங்க கண்ணு முன்னாடி எறங்குவான் ஜோலீன். இது என் வாக்கு" என்றான் டுவேன், இரண்டாம் தடவை உருளைக்கிழங்கு போட்டுக்கொண்டே.

எமெட் இறங்கவில்லை. முதல் வருஷம் பொறுத்திருக்கச் சொன்னார்கள். அடுத்த இரண்டு வருஷம் அவன் எடையில் அவனைவிடப் பெரிய ஆள் இருந்தான். நாலாவது வருஷம் தோள்பட்டை விலகியது. ஐந்தாவது வருஷம், இனி குறுக்கே யாருமில்லை என்று இருந்தபோது, பென்சில்வேனியாவிலிருந்து அதே எடையில் டெல்வெக்கியோ என்று ஒருவன் வந்து சேர்ந்தான். மூன்று வருஷத்தில் அவனுக்கு இது மூன்றாவது கல்லூரி. எமெட் அவனுக்கும் தினம் பயிற்சி ஜோடியாக நின்று அடி வாங்கினான். ஒவ்வொரு போட்டிக்கும் ஜோலீன் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி வந்து, வேர்க்கடலை வெண்ணெயில் சாக்லேட் ஊற்றிச் செய்த இனிப்புத் துண்டுகளை ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து, பையன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுப் போனாள்.

கடைசியாக ஒரு நாள் மிச்சமிருந்தது. பிப்ரவரி மாதக் கடைசி ஞாயிறு, உள்ளூரில் கடைசிப் போட்டி. படிப்பு முடிக்கிற பையன்கள் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு மல்யுத்த மெத்தையைக் கடந்து வருவார்கள், தாய்க்கு ஒரு பூங்கொத்து கிடைக்கும். அன்றைக்கு நூற்று ஐம்பத்தேழு பவுண்டு பிரிவில் எமெட்தான் என்று ஜனவரியிலேயே பேச்சாகியிருந்தது.

செவ்வாய்க்கிழமை ஹேவர்காம்ப் டுவேனைக் கூப்பிட்டார்.

"ஞாயித்துக்கிழமை நூத்தி அம்பத்தேழுல டெல்வெக்கியோவ எறக்குறேன்."

"ராட், அன்னிக்கு எமெட்னு சொல்லிட்டோமே."

"சொன்னது நீ. எதிர்ல வர்றவன் நாட்டுல ஏழாவது எடத்துல இருக்கான். அவன அடிச்சாத்தான் டெல்வெக்கியோவுக்குத் தேசியப் போட்டியில நல்ல எடம். எமெட் புரிஞ்சிப்பான். நாம வளத்த பையன்."

"வளத்தவந்தான் புரிஞ்சிக்கணுமா?"

"பின்ன? வாங்கினவன் புரிஞ்சிக்கிட்டு உக்காந்திருப்பானா, அடுத்த காலேஜுக்கு மூட்டையக் கட்டிருவான்ல!" ஹேவர்காம்ப் இதை ஒரு தத்துவம்போலச் சொன்னார். "நீயே சொல்லிடு டுவேன். நீ சொன்னா அவனுக்கு வலிக்காது."

டுவேன் உடனே கிளம்பினான். எமெட் எடையைக் குறைக்க மூன்று சட்டைக்கு மேல் குப்பைப் பையைக் கிழித்துப் போட்டுக்கொண்டு, ஓடாத சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்தான். மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது.

"இன்னும் பதினோரு பவுண்டு கோச். எறங்கிரும்."

"தண்ணிய ஒரேயடியா நிறுத்திடாதடா" என்றான் டுவேன். சொல்ல வந்தது அதுவல்ல. ஆனால் அதுவும் நல்ல அறிவுரைதான் என்று காருக்குத் திரும்பும்போது நினைத்துக்கொண்டான்.

மறுநாள், சொல்ல வேண்டிய முதல் வரியை உள்ளங்கையில் எழுதிக்கொண்டே போனான். அவன் வாயைத் திறக்குமுன் எமெட் கேட்டான்: "கோச், அம்மா எந்தப் பக்கம் உக்காந்தா நல்லாத் தெரியும்?"

"ஸ்கோர் போடுற மேசைக்கு எதிர்ப்பக்கம். மூணாவது வரிசை. முதல் வரிசைன்னா போட்டோக்காரன் மறைப்பான்."

இவ்வளவு துல்லியமாக அவன் அந்த வருஷம் முழுக்க யாருக்கும் எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை. கையை மூடிக்கொண்டு வந்துவிட்டான். வியாழன் போய்விட்டது. வெள்ளிக்கிழமை நடைவழியில் டெல்வெக்கியோ அவனைப் பிடித்துக்கொண்டான்.

"கோச், எமெட் இத நல்லபடியா எடுத்துக்கிட்டான்ல? எனக்கு மனசே கேக்கல. கால்பிடிய எப்படி உருவிக்கிட்டு வர்றதுன்னு எனக்குக் கத்துக் குடுத்ததே அவந்தான்."

"பெரிய மனசு அவனுக்கு" என்றான் டுவேன்.

"ஆமா கோச். அப்புறம்... தப்பா நெனச்சுக்காதீங்க, உங்க பேரு என்ன?"

சனிக்கிழமை எமெட் ஐஸ் துண்டுகளைச் சப்பி ஒரு கோப்பையில் துப்பிக்கொண்டிருந்தான். கண் குழிந்து, கன்னம் ஒட்டி, முகம் மட்டும் சிரித்தது. இனிமேல் சொன்னால் பட்டினி கிடந்ததெல்லாம் வீணென்று ஆகிவிடும் என்று டுவேனுக்குப் பட்டது. சொல்லாவிட்டாலும் வீண்தான். அந்தப் பாதியை அவன் யோசிக்கவில்லை.

ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு எடை பார்த்தார்கள். ஒரே பிரிவில் இரண்டு பேர் எடை காட்டலாம், யாரை இறக்குவது என்பது கடைசி நிமிஷத்தில் பயிற்சியாளர் இஷ்டம். எமெட் நூற்று ஐம்பத்தாறு புள்ளி எட்டு. தனக்குப் பின்னால் டெல்வெக்கியோவும் எடைத்தட்டில் ஏறுவதைப் பார்த்துவிட்டு டுவேன் பக்கம் திரும்பினான்.

"அவன் எதுக்கு கோச்?"

"ரெண்டு பேரு நின்னா எதிராளி கொழம்புவான்."

"அட, நல்ல ஐடியா!"

விழா நடந்தது. எமெட் தாயின் கையைப் பிடித்து நடந்தான். ஜோலீனுக்கு மஞ்சள் பூ கிடைத்தது. டெல்வெக்கியோவின் தாய் வர முடியாததால் ஹேவர்காம்ப்பின் மனைவி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் அன்றைக்குத்தான் முதல்முறை சந்திக்கிறார்கள். "இந்த மெத்தையில் வளர்ந்த பிள்ளைகள்!" என்று ஒலிபெருக்கி குரல் தழுதழுத்தது. டெல்வெக்கியோ அந்த மெத்தைக்கு வந்து நாலு மாதம்.

இரண்டு மணிக்குப் போட்டி. நாலு பிரிவு முடிந்து நூற்று ஐம்பத்தேழு என்றார்கள். காதுக்கவசத்தை மாட்டிக்கொண்டு எமெட் வட்டத்துக்குள் ஓடினான். அதே நேரம் நாற்காலி வரிசையின் அந்தக் கோடியிலிருந்து டெல்வெக்கியோவும் ஓடிவந்தான். ஒரே சிவப்பு உடுப்பில் இரண்டு பேர். எதிராளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். கூட்டத்தில் எவனோ சிரித்தான்.

"ஒருத்தர் போதும்ப்பா" என்றார் நடுவர்.

எமெட் திரும்பி ஹேவர்காம்ப்பைப் பார்த்தான். ஹேவர்காம்ப் டுவேனைப் பார்த்தார். டுவேன் தன் ஷூ கயிற்றைப் பார்த்தான். அது ஒழுங்காகத்தான் கட்டியிருந்தது.

ஒரு மூச்சு நேரம்தான். எமெட் சட்டென்று குனிந்து இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டான். முகத்தைச் சுளித்தான். நொண்டிக்கொண்டே ஓரத்துக்கு வந்தான். அரங்கம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. ஐந்து வருஷத்தில் அந்த அரங்கம் அவனுக்குத் தட்டிய கை அது ஒன்றுதான். ஹேவர்காம்ப்பும் தட்டினார்.

டெல்வெக்கியோ ஏழுக்கு இரண்டு என்று ஜெயித்தான்.

டுவேன் ஐஸ் பையோடு ஓடி, எமெட்டின் நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டு, முழங்காலில் ஐஸை வைத்துப் பிளாஸ்டிக் தாளைச் சுற்றினான். நிமிர்ந்து முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. கை தன் பாட்டுக்குச் சுற்றியது.

"உங்களுக்கு எப்ப தெரியும் கோச்?"

"இப்பத்தான்டா. உன்ன மாதிரியே."

எமெட் காதுக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். பிறகு, "அம்மாகிட்ட முட்டின்னே சொல்லிடுங்க. எறங்கத்தான் போனான், முட்டி போயிருச்சுன்னு" என்றான்.

எல்லாம் முடிந்து ஜோலீன் தட்டோடும் பூவோடும் இறங்கி வந்தாள். முப்பது வருஷமாகப் பன்றி வளர்க்கிறவள். எந்தப் பன்றிக்கு எந்தக் காலில் நோவு என்று வேலிக்கு வெளியே நின்றே சொல்லிவிடுவாள்.

"என்ன கோச் ஆச்சு?"

"முட்டி, ஜோலீன். கடைசி நிமிஷத்துல. இல்லன்னா இன்னிக்கு அவந்தான்."

அவள் ஐஸைப் பார்த்தாள். டுவேனைப் பார்த்தாள். தட்டை நீட்டினாள்.

"எடுத்துக்கங்க கோச். அஞ்சு வருஷமா நீங்கதான சாப்புடுறீங்க."

டுவேன் ஒன்று எடுத்துக்கொண்டான். எமெட் எழுந்து தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்க்க நடந்தான்.

இடது காலை நொண்டினான். ஐஸ் வலது முழங்காலில் கட்டியிருந்தது.