இடைவேளைக்கு இறங்கி வருகிறவள்

அமெரிக்க சர்க்கஸ் படத்தில் அந்தரத்தில் பார் விளையாடும் பெண், இடைவேளை மணி அடித்ததும் திரையை விட்டு இறங்கி வந்து கேண்டீனில் டீ குடிப்பாள். சர்க்கரை கொஞ்சம் குறைவாக. அந்தத் தியேட்டரில் பல வருஷமாக அதே படம்தான் ஓடியது என்பதால், ஜிகினா உடுப்போடு ஒருத்தி வரிசையில் நிற்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திரையில் இங்கிலீஷில் வெளுத்துக்கட்டுகிறவள் கேண்டீனில் எல்லாரையும் போலத்தான் பேசினாள். தாகம் எடுத்தால் பாஷை தானாக வந்துவிடும் போலிருக்கிறது. கேண்டீன்காரிக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். குடித்த டம்ளரைத் தானே கழுவி வைக்கிற ஒரே வாடிக்கை அவள்தான்.

கேண்டீன்காரி அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. முதல் பாதியில் பால் காய்ச்ச வேண்டும், இரண்டாம் பாதியில் டம்ளர் கழுவ வேண்டும். ஒருநாள் குழாயில் தண்ணீர் நின்றுபோனது. சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாததால் உள்ளே போய் நின்றாள். சற்று முன் தன்னிடம் டீ குடித்தவள் கூடாரத்தின் உச்சியில் கையை நீட்டிப் பறந்து வந்ததையும், எதிரே தலைகீழாகத் தொங்கிய அவள் புருஷன் வேண்டுமென்றே கையை இழுத்துக்கொண்டதையும், அவள் விழுந்து செத்ததையும் பார்த்தாள். கூட்டம் உச்சுக் கொட்டிவிட்டு எழுந்து போனது.

மறுநாள் இடைவேளையில் கேட்டாள்.

"தினமும் இப்படித்தான் விழறியா?"

"ஒவ்வொரு காட்சிக்கும் விழறேன்க்கா. கதையில அப்படி எழுதிட்டாங்க."

"எழுதினவனா வந்து விழறான்?"

அவள் சிரித்தாள். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "வலிக்குதுக்கா" என்றாள்.

இவளை இனி விழ விடுவதில்லை என்று அன்றே கேண்டீன்காரி முடிவு செய்துவிட்டாள். தியேட்டர் ஆபரேட்டரான அவள் புருஷன், மனைவி சொன்னாளே என்று அந்த இடத்தைப் படத்திலிருந்து வெட்டி எறிந்து பார்த்தான். ஃபிலிம் இல்லாமலே அவள் விழுந்தாள். அதற்குப் பிறகு கேண்டீன்காரி காலைக் காட்சிக்கு முன்னால் ஸ்டோர் ரூம் இரும்புச் சட்டத்தில் முழங்காலை மடக்கித் தலைகீழாகத் தொங்கத் தொடங்கினாள். வாந்தி எடுத்தாள், விழுந்தாள், மறுபடி தொங்கினாள். பால் கேனில் தொடங்கி, சர்க்கரை மூட்டைக்கு வந்து, கடைசியில் புருஷனையே தூக்கினாள்.

"இந்த வயசுல உனக்கு எதுக்கு இதெல்லாம்?"

"பேசாம கையைக் கொடுங்க."

இதற்குள் மகளுக்குக் கல்யாணம் ஆயிற்று. கேண்டீன்காரிக்கு முழங்கால் வலி வந்தது, அவளோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய் அதுவும் விட்டுவிட்டது.

ஒரு மதியக் காட்சியில், இடைவேளை முடிந்து மணி அடித்ததும், கேண்டீன்காரி ஏப்ரனை இறுக்கி முடிந்துகொண்டு பார் விளையாடுகிறவளோடு திரைக்குள் ஏறினாள். கூடாரத்தின் உச்சியில் அந்தப் புருஷன் கையை இழுத்துக்கொண்ட அதே நொடியில், அவனுக்குப் பின்னாலிருந்த பாரிலிருந்து டீக்கறை படிந்த இரண்டு கைகள் நீண்டு வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தன. ஆபரேட்டர் தன் அறையில் வாய்விட்டு அழுதான்.

ஒரு காட்சி தவறினாலும் அவள் விழுந்துவிடுவாள் என்பதால் கேண்டீன்காரி அங்கேயே தங்கிவிட்டாள். மெஷினைப் பார்க்க வேறு ஆள் வந்தான். கேண்டீன் புருஷனிடம் வந்து சேர்ந்தது. டீ முன்னைப்போல இல்லை என்பது மட்டும்தான் ஊருக்கு இதில் குறை. இடைவேளைக்கு இருவரும் இறங்கி வருகிறார்கள். கேண்டீன்காரி ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளிக்கிறாள், மிச்சம் வைக்காமல் குடித்து முடிக்கிறாள், புருஷனின் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு மேலே ஏறுகிறாள். இரண்டாம் பாதியில் அவன் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. பிடித்துவிடுவாள் என்று அவனுக்குத் தெரியும். டம்ளர் கழுவுகிற வேலை கிடக்கிறது.