பிள்ளையாரின் வயிறு வரை ஒரு சுவர்

1

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கால் நோகிறவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள். ஒரு சுவரின் கதை சொல்லப்போகிறேன். சுவர் பாதியில் நிற்கிறது, கதையும் அப்படித்தான்.

மேசன் அப்துல் ஸமத் என் குசினிக்குச் சீமெந்து பூச வந்தபோது, பிளேன்டி குடித்தபடி சொன்னார்: "எல்கடுவப் பக்கம் ஒரு ஊட்டுல செவரு பாதியில நிக்கிது. உள்ளுக்குப் புள்ளையார் ஈக்கிறார்."

அவ்வளவுதான் அவர் தந்தது. மிச்சம் நான் கட்டியது.

முதலில் எழுதிய தொடக்கம்: பனி மூடிய மலையிலே ஒரு பழைய பங்க... [வேண்டாம். பனி மூடினால் ஸமத்துக்குச் சுவர் எப்படித் தெரியும்?]

2

ஆறுமுகநாதன், ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர். துரைமார் காலத்துப் பங்களாவை வாங்கி, மனைவி ஞானாம்பிகையோடு குடிவந்தார். முன்னறைச் சுவரில் குளிர்காய்வதற்கென்று ஒரு அடுப்பு. மழைக்காலத்தில் அதன் புகைக்கூண்டு வழியே காற்று இறங்கி, அவர் நெஞ்சில் இழுப்பாக உட்கார்ந்துகொண்டது. அடைத்துவிட வேண்டும் என்றார்.

ஞானாம்பிகைக்கோ அந்த வீட்டில் கிழக்குப் பார்த்த நல்ல இடம் அது ஒன்றுதான். பிள்ளையாரை அதற்குள் வைத்திருந்தார். கற்பூரப் புகைகூடத் தானாக மேலே போனது.

"பிரிஜ்ஜுக்குப் பக்கத்தில வைக்கலாம்தானே?"

"மீன் கிடக்கிற பிரிஜ்ஜுக்குப் பக்கத்திலயோ?"

[ஆறுமுகநாதனைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். இரண்டாம் வரியிலேயே இருமினார். மனம் கேட்கவில்லை.]

3

ஸமத் இரும்புத் தட்டைக் கழற்றி, சுற்றிப் பதித்திருந்த கல்லை உடைத்து, அடுப்பின் வாயை அடைக்கச் செங்கல் வைக்கத் தொடங்கினார். ஞானாம்பிகை "இந்தா எடுக்கிறன், இந்தா எடுக்கிறன்" என்று பிள்ளையாரை எடுக்காமலே இருந்தார். சுவர் பிள்ளையாரின் வயிறு வரை வந்ததும், ஞானாம்பிகை கைபேசியும் கையுமாக வந்தார்.

"இஞ்சேருங்கோ, உங்கட கரணவாய்க் கந்தவனம் அண்ணை மோசம் போயிட்டாராம்."

"ஐயோ. செத்தவீட்டுக்கு?"

"நேற்றே எடுத்திட்டினமாம்."

துடக்கு, சாவுத் தீட்டு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி கழியும்வரை அந்த வீட்டில் யாரும் சாமியைத் தொடக்கூடாது.

"அப்ப பாஸ், நீங்கள் தூக்கி வையுங்கோ."

"அடுத்தவங்கட சாமிய நான் தொடுறல்ல சேர். கல்லெண்டா எவ்வளவும் தூக்குவேன்."

அது கழிகிற நேரம் அளவெட்டியில் ஒரு சித்தப்பா போனார். அவரும் ஆறுமுகநாதன் பக்கம்தான். (கலியாணம் கட்டியவளுக்குப் புருஷன் பக்கத்துத் துடக்குத்தான் முழுத் துடக்கு. ஞானாம்பிகைக்குச் சட்டம் தெரியும்.)

4

ஆனால் துடக்கு என்று சொன்னவர் விளக்கேற்ற முடியுமா? பொழுதுபட்டதும் பாதிச் சுவருக்கு முன்னால் வந்து நிற்பார். தீப்பெட்டியைக் கையில் உருட்டுவார். திரும்பிப் போவார். இடத்தைக் காப்பாற்றப் போய் விளக்கை... [இந்த வரி எனக்கு முடிய மறுக்கிறது. அப்படியே கிடக்கட்டும்.]

5

முடிவு ஒன்று: பிள்ளையார் தானே சுவர் தாண்டி நடந்து வருகிறார். [வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.]

முடிவு இரண்டு: தொலைபேசி அடிக்கிறது. ஆறுமுகநாதன் எடுக்கிறார்.

"தம்பி, கந்தவனம் கதைக்கிறன். உம்மட இழுப்பு எப்பிடி?"

ஆறுமுகநாதன் நெடுநேரம் இருமினார். சுகம் விசாரித்து வைத்துவிட்டு முன்னறைக்குப் போனார். தீப்பெட்டியோடு நின்றிருந்தார் ஞானாம்பிகை.

"ஆர் கோல் எடுத்தது?"

"கந்தவனம் அண்ணை."

தீப்பெட்டி கீழே விழுந்தது.

"என்னவாம்?"

அவர் குனிந்து எடுத்து, மனைவியின் கையில் வைத்தார்.

"துடக்குக் கழிஞ்சுதாம். விளக்கை ஏத்தும்."

6

இதற்கு மேல் நான் எழுதவில்லை. மறுநாள் காலை ஸமத் திரும்ப வந்து, சாந்தைக் குழைத்து வைத்துக்கொண்டு கேட்கிறார்: "சேர், கல்லு வெக்கவா, கழட்டவா?" உள்ளே விளக்கு எரிகிறது. ஆறுமுகநாதன் இருமுகிறார். சாந்து இறுகமுன் பதிலை நீங்கள் சொல்லிவிடுங்கள், கண்ணுகளா.

உங்கள் வீட்டு விளக்கு காற்றில் அணையாதிருக்கட்டும். உங்கள் நெஞ்சில் குளிர் ஏறாதிருக்கட்டும். உங்கள் தூரத்துச் சொந்தமெல்லாம் நூறு வயது இருக்கட்டும்.