மெரனின் உண்மைச் சாயல்

நார்வேயின் கடலோரத் தீவொன்றில் இருபத்தெட்டு ஆண்டுகளாக வாழ்ந்துவந்த மெரனுக்கு, அந்த ஆகஸ்டு மாதத்தில் தன் முகத்தின்மீதே ஐயம் பிறந்தது. ஸ்காட்லாந்தின் வடக்கே ஆர்க்னித் தீவில் இருந்த அவளுடைய தம்பி, அறுபதாவது வயதில், முதன்முறையாக மணமுடிக்கவிருந்தான். திருமணம் செப்டம்பர் இறுதியில். அவளுடைய பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோ காலாவதியாகிவிட்டது. நோயில் மெலிந்து, முடியும் வெளுத்துப்போனதால், பழைய படத்திலிருந்தவள் வேறு யாரோபோல் அவளைப் பார்த்தாள். ஆகவே, அவளை நெடுநாள் அறிந்த கௌரவமான ஒருவர், புதிய படத்தின் பின்புறம் 'இது மெரனின் உண்மைச் சாயல்' என்று எழுதிக் கையொப்பமிட வேண்டியிருந்தது.

தீவில் அவளை அறியாதவர் எவர்? பாதிரியார் சுன்னிவா பேனாவைத் திறந்துகொண்டே வந்தார், தலைமையாசிரியரும் இசைந்தார். ஆனால், சான்றளிப்பவரின் பாஸ்போர்ட் பிரிட்டனுடையதாகவோ, ஐரோப்பிய ஒன்றிய நாட்டுடையதாகவோ, பட்டியலிலுள்ள வேறு நாட்டுடையதாகவோ இருக்கவேண்டுமாம். நார்வே அப்பட்டியலில் இல்லை.

"இத்தனை வருஷமா பக்கத்துலயே படுத்திருக்கேன். நான் சொன்னா செல்லாதா?" என்றான் அவள் கணவன் ஒட்வார்.

"புருஷன் கையெழுத்து கூடாதாம். உன் பேச்சை நானே நம்புறதில்ல, அவங்க எங்க நம்பப்போறாங்க?"

"போடி! அப்ப பல் டாக்டரைக் கேளு. அந்த மனுஷன் ஸ்வீடன்காரர்தானே?"

டாக்டர் டோர்கெல் மாதத்தில் இரண்டு நாள் படகில் வந்து, துறைமுகத்து மாடியில் பல் பார்ப்பவர். பன்னிரண்டு ஆண்டுகளாக மெரனின் பற்கள் அவர் பொறுப்பில் இருந்தன. மறுநாட்காலை அவள் அங்கே சென்றபோது, மூடுபனி கடலையும் படகுகளையும் விழுங்கிவிட்டு, சன்னல்வரை வந்து நின்றிருந்தது.

அவர் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. இவங்க யாருன்னே எனக்குத் தெரியலையே!"

"நான்தான் டாக்டர்!"

"கடவாய்ப் பல்லைக் காட்டியிருந்தா கண்ணை மூடிக்கிட்டு கையெழுத்துப் போட்டிருப்பேன். இதுல வாயை மூடிக்கிட்டுல்ல இருக்கீங்க!"

"திறக்கக்கூடாதுங்கிறது சட்டம்."

"பொய்ச் சத்தியம் பண்ண மாட்டேம்மா. உங்க முகத்தை நான் என்னிக்கு நிமிந்து பாத்தேன்?"

பனியில் கரைந்த படகுகளைப்போலத் தானும் ஓரங்களிலிருந்து கரைந்துகொண்டிருப்பதாக மெரனுக்குத் தோன்றிற்று. தன்னைக் காணாமலே தம்பி மோதிரம் மாற்றிக்கொள்வான். பழக்கத்தால் அந்தச் சாய்வு நாற்காலியிலேயே சாய்ந்தாள். அவரும் பழக்கத்தால் அவள் தலைமாட்டில் அமர்ந்து, விளக்கைப் போட்டார்.

வெண்மையான ஒளி, வெண்மையான சன்னல். அவள் மேலே நோக்கினாள். அவர் கீழே நோக்கினார். அவருடைய முகம் தலைகீழாக, நிலவைப்போல் மிதந்தது.

"அட!" என்றார் டோர்கெல்.

படத்தை மெல்லத் தலைகீழாகத் திருப்பி, அவள் நெற்றியருகே பிடித்தார்.

"இதே கண்ணு! ஊசியை எடுத்தா என்னைப் பாக்குற அதே கண்ணு! பன்னண்டு வருஷமா இப்படித்தானேம்மா உங்களைப் பாத்துக்கிட்டிருக்கேன்! நேரா காட்டினா எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப... எழுதுவீங்களா?"

"எழுதாம? எந்தக் கோர்ட்டுல வேணும்னாலும் வந்து சொல்றேன்."

கருவித் தட்டின்மேல் படத்தைக் கவிழ்த்து, ஒவ்வோர் எழுத்தாக அவர் எழுதினார். பேனாவின் கீறலைக் கேட்டவாறே மெரன் கிடந்தாள். தம்பி வீட்டு வாசலில் இறங்குவதுபோல் இருந்தது. நன்றி சொல்ல வாயெடுத்தாள். அந்த நாற்காலியின் பழக்கத்தால், "ஆ" என்று மட்டுமே வந்தது.