அன்றைக்கு பிரேக்கைப் பார்த்திருந்தால்

மாலை வகுப்பு டீச்சருக்குக் கைத்தட்டல் என்றால் உயிர். வேலை முடிந்து கண் சொருக வந்து உட்காரும் பெரியவர்களுக்கு ஆங்கிலத்தை எப்படித்தான் ஏற்றுவது? அதற்கு அவள் கண்டுபிடித்த வைத்தியம் இது: யாராவது பிழையில்லாமல் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டால் வகுப்பே எழுந்து நின்று அதைத் திருப்பிச் சொல்லும், பிறகு படபடவென்று தட்டும்.

அன்றைய பாடம், நடக்காததை நடந்ததாக வைத்துக்கொண்டு பேசும் ‘இஃப்’ வாக்கியங்கள்.

“காசா பணமா, வாய்க்கு வந்ததை அடிச்சு விடுங்க!” என்றாள்.

சலவைக்கடைக்காரர், இறக்கை இருந்தால் டிராஃபிக்கில் நிற்கமாட்டேன் என்றார். அழகுநிலையப் பெண், ராணியாகப் பிறந்திருந்தால் மாமியாரை நாடு கடத்தியிருப்பேன் என்றாள். வகுப்பு குலுங்கியது.

கடைசி வரிசையில் லிஃப்ட் மெக்கானிக். சேர்ந்ததிலிருந்து வாயே திறக்காத மனுஷர். இன்று அவராகவே எழுந்து, பிசிறில்லாத ஆங்கிலத்தில் சொன்னார்: “நான் அன்றைக்கு பிரேக்கைப் பார்த்திருந்தால், உங்கள் மகன் உயிரோடு இருந்திருப்பார்.”

டீச்சர் காதில் விழுந்தது இலக்கணம் மட்டும்தான். வாய் திறக்காதவர் பேசிவிட்டாரே என்று தலைகால் புரியவில்லை அவளுக்கு.

“சூப்பர்! எல்லாரும் சொல்லுங்க! இன்னும் சத்தமா!”

வகுப்பு அதைப் பாட்டாகப் பாடியது. கைத்தட்டல் கூரையைப் பிளந்தபோதுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

எல்லோரும் போனபின் அருகில் போனாள்.

“அண்ணா… அது நிஜமா?”

“ஆமா டீச்சர். போன வருஷம். அடுத்த இடத்துக்கு ஓடுற அவசரத்துல, லிஃப்ட் பிரேக்கைப் பார்க்காமலே பார்த்தாச்சுன்னு சொல்லிட்டேன்.”

வெட்கம் பிடுங்கித் தின்றது. இத்தனை வருஷம் வகுப்பெடுத்து என்ன கிழித்தோம், ஒரு மனிதன் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்கத் தெரியவில்லையே என்று கூசிப் போனாள்.

“மன்னிச்சிடுங்கண்ணா. உங்க வேதனையைப் போய் கூத்தாக்கிட்டேன்.”

“உங்களுக்கென்ன தெரியும், விடுங்க. அந்தப் பையனோட அம்மாவுக்கு நம்ம பாஷை தெரியாது, இங்கிலீஷ்தான். நடுவுல ஆள் வச்சுச் சொல்ல மனசு வரல. எங்க கம்பெனி அவங்க வீட்டுக்குப் போகவே கூடாதுங்குது. நான் நாளைக்குப் போறேன். இதுக்குத்தான் வகுப்புல சேர்ந்ததே.”

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“கொஞ்ச நேரம் அந்த அம்மாவா உட்காருங்க டீச்சர். முகத்தைப் பார்த்துச் சொல்ல வருதான்னு பார்க்கணும்.”

டீச்சர் உட்கார்ந்தாள். அவர் எதிரே நின்று சொன்னார். குரல் நடுங்கியது, சொல் பிசகவில்லை, பார்வையும் விலகவில்லை. தாயாக உட்கார்ந்திருந்தவளால்தான் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.